உயரமான பிள்ளைகள் இல்லையே என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் நீ பி.டி.யாக, அதாவது உடற்கல்வி ஆசிரியையாக, சேர்ந்ததில் ரொம்பச் சந்தோஷம். வந்த கையோடு பாஸ்கட்பால் டீம் போடப் போகிறேன் என்றாயே, அதில் இன்னும் சந்தோஷம். ஆனால் அதே மூச்சில், "அக்கா, உயரமான பிள்ளையே இல்லை, பள்ளிக்கூடத்தில் ஆடின பிள்ளைகளும் ரெண்டு பேர்தான்" என்று வருத்தப்பட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலத் தனியாக நின்று பாடுபடுகிற மற்ற பி.டி.க்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உயரமான பிள்ளைகளையும் நன்றாக ஆடிப் பழகிய பிள்ளைகளையும் விடுதியும் கட்டணச் சலுகையும் தருகிற கல்லூரிகள் பிளஸ் டூ முடியும் முன்பே பேசி வைத்துவிடும். அந்தப் போட்டியில் நீ இறங்காதே. உனக்கு வேண்டியது தினமும் கோர்ட்டுக்கு வருகிற பிள்ளை. மூன்று வருடம் விடாமல் வருகிற பன்னிரண்டு பேர் கிடைத்தால், உயரமான ரெண்டு பேரை மட்டும் நம்பி வருகிற டீமை நிச்சயம் ஜெயிக்கலாம். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

முதலாண்டு வகுப்புகளுக்குப் போய் "யாருக்கு பாஸ்கட்பால் தெரியும்?" என்று கேட்டால் ஒரு கை உயராது. "பள்ளிக்கூடத்தில் என்ன ஆடினீங்க?" என்று கேள். கோகோ ஆடின பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்து பாய்ந்து எழுந்து ஓடப் பழகியவள். டிஃபென்ஸில் அவளைத் தாண்டுவது கஷ்டம். கபடிப் பிள்ளைக்கு உடம்பு உரசினால் பயமில்லை, தாழ்ந்து நிற்கவும் தெரியும். வாலிபால் பிள்ளைக்கு எப்போது குதிக்க வேண்டும் என்பது கைவந்த விஷயம். இந்த மூன்றும் நம் ஊர்ப் பள்ளிகளில் நிறையவே இருக்கின்றன. பந்து தட்டுவதை நீ சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.

சரி, பந்து என்றதும் ஒன்று. ஸ்டோர் ரூமில் இருப்பதை முதலில் எடுத்துப் பார். பல கல்லூரிகளில் 7-ஆம் நம்பர் பந்தைத்தான் வாங்கிப் போட்டிருப்பார்கள். அது ஆண்களுக்கானது. பெண்கள் ஆட்டத்துக்கு 6-ஆம் நம்பர். சுற்றளவில் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் சின்னது, எடையும் குறைவு. பெரிய பந்தில் பழகின பிள்ளை தோளை இழுத்துத் தள்ளித்தான் ரிங்கை எட்டுவாள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு ஷூட்டிங்கைத் திருத்தவே முடியாது. முதல் பணத்தில் 6-ஆம் நம்பர் பந்து வாங்கு. ஜெர்சி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரங்கள் ரிங்கைப் பார்த்து எறிய விடாதே. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஓடி வந்து பந்தைப் பிடித்து இரண்டு காலிலும் சேர்ந்தாற்போல் நிற்கச் சொல்லிக் கொடு. புதுப் பிள்ளைகளின் டீம் தோற்பது பெரும்பாலும் டிராவலிங்கில்தான், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுகிற தப்பில். ஓட்டத்தில் பந்தைப் பிடிப்பாள், கால் நிற்காது, விசில் வந்துவிடும். நிற்கக் கற்றவளிடமிருந்து பந்து வீணாகப் போகாது. இதில் இன்னொரு காரணமும் உண்டு. பாஸ்கட்பாலில் முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதுவும் குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும். உன் கோர்ட் சிமென்ட் தரை வேறு. முழங்கால் உள்பக்கம் சாயாமல் மடங்கி, சத்தமில்லாமல் இறங்குகிறாளா என்று ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் நின்று பார்.

ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் விழாமல் திரும்பி வருகிற பந்தைப் பிடிக்க, உயரம் வேண்டும் என்பார்கள். ஷாட் மேலே போனதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பந்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். உன் பிள்ளை அந்த நொடியில் தான் மறிக்க வேண்டிய எதிர் டீம் பெண்ணைத் தேட வேண்டும். முதுகை அவள் மேல் கொடுத்து, முழங்காலை மடக்கி, கையை அகட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்து எப்படியும் கீழேதான் வரும். இதற்குத்தான் பாக்ஸ் அவுட் என்று பெயர். ஐந்து பேரும் இதைச் செய்தால் அரையடி உயர வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். தினமும் பதினைந்து நிமிஷம் இதற்கே கொடு.

மற்றபடி உன் ஆயுதம் முழுக் கோர்ட் பிரஸ், அதாவது எதிர் டீமை அவர்கள் பாதியிலேயே போய் நெருக்குவது. பந்து வைத்திருக்கிற டீம் எட்டு வினாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். இன்டர் காலேஜ் ஆட்டங்களில் பல டீம்களில் பந்தைக் கொண்டுவரத் தெரிந்தவள் ஒருத்திதான் இருப்பாள். அவளை இரண்டு பேர் மாறி மாறி நெருக்கட்டும். பன்னிரண்டு பேரையும் இறக்கு. நாலாவது குவார்ட்டரில் அவர்களுக்குக் கால் ஓடாது, உன் பிள்ளைகளுக்கு ஓடும். ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து எதிர் டீமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு மனசில் பதிய வை. கையை நீட்டாமல், காலை நகர்த்தி முன்னால் போய் நின்று மறிக்கச் சொல். உன் பிள்ளைகளின் ஃப்ரீ த்ரோ பயிற்சியைக் கடைசியில் வை. வியர்த்து மூச்சு வாங்கும்போது போடுகிறதுதான் மேட்சில் உதவும்.

மூச்சு வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் களைத்து உட்காருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதே. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டீமில் சேர்ந்த எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபின் பார். குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி மாத்திரை, கூடவே முருங்கைக்கீரை, கேப்பை, எள்ளு. சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல், இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் உன் டீமில் நிச்சயம் இருப்பார்கள். பயிற்சிக்கு முன்னால் ஒரு கை சுண்டல் கிடைக்க ஏற்பாடு செய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் பஸ்ஸும் வீடும். முக்கூடலிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ வருகிற பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அதைத் தவறவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினால் காசு. பிள்ளைகளின் பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்து, அதற்கேற்பப் பயிற்சியை முடி. ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறதா, அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் வரிசையில் சும்மா நிற்காதபடி பார்த்துக்கொள்.

பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை என்றால், அவள் சாயங்காலம் அம்மாவுக்குப் பக்கத்தில் சொளவை மடியில் வைத்து உட்காருகிற நேரத்தைத்தான் நீ கேட்கிறாய். அந்த வீட்டுக்கு அது வருமானம். போனில் அனுமதி கேட்காதே, நேரில் போ. அம்மாவிடம் உட்கார்ந்து பேசு. எத்தனை மணிக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள் என்று சொல்லி, அதைக் காப்பாற்று. புதுமைப்பெண் திட்டத்தில் வருகிற 1000 ரூபாயில் ஷூ வாங்கச் சொல்லவும் கூடாது. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது வீட்டுக்குத்தான் தெரியும். ஷூவுக்குப் பழைய மாணவிகளைக் கேள், ஊர்க் கடைக்காரர்களைக் கேள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் இமாக்குலேட்டாவை நினைத்துக்கொள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னப் பெண்கள் கல்லூரி. 1967-ல் அவர்கள் ஜிம் எரிந்துபோனது. 1970-ல் கேத்தி ரஷ் பயிற்சியாளராக வந்தபோது சம்பளம் 450 டாலர். 1972-ல் தேசியப் போட்டிக்குப் போகக் காசில்லாமல் டூத் பிரஷ் விற்றார்கள். அப்படியும் எட்டுப் பேரைத்தான் அனுப்ப முடிந்தது. பைனலில் எதிரே நின்றது, கொஞ்ச நாள் முன்பு மண்டலப் போட்டியில் அவர்களைப் படுதோல்வி அடைய வைத்த வெஸ்ட் செஸ்டர். 52-48 என்று ஜெயித்தார்கள். அடுத்த இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்கே. சிஸ்டர்கள் கேலரியில் உட்கார்ந்து வாளியைத் தட்டிச் சத்தம் போடுவார்களாம். உன் பிரின்சிபால் மேடத்தையும் ஆபீஸ் அக்காக்களையும் ஒரு பயிற்சி ஆட்டத்துக்காவது கூட்டி வா. நேரில் பார்த்தவர்கள் ஓ.டி. (ஆடப் போகிற நாளை வருகையாகக் கணக்கிடுகிற ஆன் டூட்டி) கையெழுத்துக்கு உன்னை அலைய விடமாட்டார்கள்.

முதல் வருடம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக இன்டர் காலேஜ் போட்டியில் நாகர்கோவில், தூத்துக்குடி டீம்களிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்கலாம். ஸ்கோரைப் பிள்ளைகள் முன்னால் பேசாதே. டிராவலிங் எத்தனை, விட்ட ரீபவுண்ட் எத்தனை, தவறிய ஃப்ரீ த்ரோ எத்தனை என்று ஒரு நோட்டில் எழுது. அடுத்த ஆட்டத்தில் அந்த எண் குறைந்தால் அவர்களுக்கே காட்டு. அந்தப் போட்டிக்கு முன்னால் பாளையங்கோட்டைப் பள்ளி டீம்களோடு எத்தனை ஆட்டம் முடியுமோ அத்தனை ஆடு. பள்ளிப் பிள்ளைகளோடா என்று கூச்சப்படாதே, அவர்கள் உன் பிள்ளைகளை நன்றாக ஓட வைப்பார்கள்.

ஐப்பசி மழை பிடித்தால் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும். அதற்குள் ஸ்டாப்பிங்கும் பாஸிங்கும் முடித்துவிடு. மழை நாளில் ஏதாவது ஒரு வராந்தாவில் பாக்ஸ் அவுட் பழக்கலாம், பந்தே வேண்டாம்.

பிள்ளைகளின் பெயர், ஊர், முன்பு ஆடிய விளையாட்டு, பஸ் நேரம் எல்லாம் எழுதி எனக்கு அனுப்பு. யாரை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் அக்கா