எத்தனாவது ஈத்து?

மாப்ள, நல்லா இருக்கியா, அம்மாவுக்கு கால்வலி இப்ப தேவலையா? போன வாரம் இங்க இங்கிலாந்துல யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்கு போயிருந்தேன்டா, ஏப்ரல்னா அந்த மலைப்பக்கம் பூரா செம்மறி குட்டி போடுற நேரம், ஸ்வேல்டேல்னு ஒரு வகை, மூஞ்சி கருப்பு, வாய்கிட்டயும் கண்ணச் சுத்தியும் வெள்ளை, சுருண்ட கொம்பு. நான் பாத்துட்டு இருக்கும்போதே ஒண்ணு ஈன ஆரம்பிச்சிருச்சு. முதல்ல ரெண்டு முன்னங்கால் குளம்பு, அதுமேல மூக்கு, அப்புறம் வழுக்கிட்டு வந்து வைக்கோல்ல விழுந்துச்சு. பண்ணைக்காரர் மூக்குல இருந்த கோழைய வழிச்சுவிட்டு, தொப்புள்ல அயோடின் தடவி, காம்ப ஒரு தடவ பீச்சி அடைப்ப எடுத்துட்டு குட்டிய சீம்பாலுக்கு விட்டாரு. தாய் தொண்டைக்குள்ளயே முனகிட்டு நக்குச்சு பாரு, உங்க வீட்டு தொழுவம் ஞாபகம் வந்துருச்சுடா.

இவங்க இப்ப செம்மறின்னா லேம்பிங், வெள்ளாடுன்னா கிட்டிங்னு தனித்தனியா சொல்றாங்க, ஆனா முன்னாடி ரெண்டுக்கும் சேத்து ஒரே சொல் இருந்திருக்கு, என்ன தெரியுமா? ஈன் (ean)! இன்னிக்கி வாசிச்சா அப்படியே நம்ம ஈன்தான். யீன்னு இன்னொரு வடிவமும் உண்டு, குட்டிக்கு யீன்லிங். ஷேக்ஸ்பியரோட வெனிஸ் வணிகன்ல ஷைலாக், பைபிள்ல வர்ற யாக்கோபு ஆடு மேச்ச கதைய சொல்றப்ப இந்த சொல் வருது. ஆறாம் ஹென்றி மூணாம் பாகத்துல இன்னும் உருக்கமா இருக்கும்டா, சண்டை நடக்குது, ராஜா தனியா உக்காந்துட்டு, ஆட்டுக்காரனா இருந்திருந்தா ஆடு ஈன இன்னும் எத்தன வாரம்னு எண்ணிட்டு நிம்மதியா இருந்திருப்பேனேன்னு ஏங்குறான்.

ரெண்டும் ஒரே வேர்னு யாராச்சும் ஃபார்வர்டு அனுப்புனா நம்பாத, இங்கிலீஷ் ஈன் ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல், நம்மது திராவிடச் சொல், சத்தம் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் பண்ணைக்காரர்கிட்ட கேட்டேன், கேள்விப்பட்டதே இல்லன்னுட்டாரு, அவ்வளவு ஆடு ஈனுற எடத்துல அந்த சொல் இல்லாமப் போச்சேன்னு மனசுக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. உங்கப்பா சந்தையில மாட்டுப் பல்ல பாத்துட்டே 'எத்தனாவது ஈத்து'ன்னு கேப்பாரே, அந்தக் குரல் இன்னும் காதுல இருக்குடா.

சினையா இருக்குன்னு சொன்னியே ஒரு கருப்பு வெள்ளாடு, அது தலை ஈத்தா, ரெண்டாம் ஈத்தா? ஈனுனதும் போட்டோ அனுப்பு, நைட்டா இருந்தாலும் பரவால்ல.