முதலில் புகார், அப்புறம் பிளாக்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டி.என்.டி. (டூ நாட் டிஸ்டர்ப்) பதிவு போட்டு வருஷக்கணக்காகிறது, இன்னமும் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள்’ என்ற புலம்பல் கேட்காத வீடு இல்லை. புலம்பல் நியாயம்தான். ஆனால் டி.என்.டி. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

டி.என்.டி. ஒரு சல்லடை. முறையாகப் பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டிங் நிறுவனத்தின் அழைப்புகள் அந்தச் சல்லடை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ‘வேண்டாம்’ என்றவர்களின் எண்கள் அங்கேயே கழிந்துவிடும். அந்த நிறுவனங்களின் விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண். வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் சேவை அழைப்புக்கு 1600. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் மனை விற்கிறார் என்றால், அவர் சல்லடைப் பக்கமே வராமல் வேலி தாண்டி வந்தவர். அவரை டி.என்.டி. என்ன செய்யும்?

044 என்று தொடங்கி, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறி மாறி வரும் அழைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகங்களுக்குத் தரும் பி.ஆர்.ஐ. இணைப்பு அது. ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போகும். எண்களும் வரிசையாகக் கொத்தாகக் கிடைக்கும். எடுத்து ‘ஹலோ’ என்றால் எதிர்ப்பக்கம் மௌனம், இரண்டு நொடியில் கட். இது ஆட்டோ டயலரின் வேலை. பேசுவதற்கு இருக்கும் ஆட்களைவிட அதிகமான எண்களை இயந்திரம் ஒரே சமயத்தில் சுழற்றும். முந்தி எடுத்தவருக்கு ஆள் கிடைப்பார், பிந்தி எடுத்தவருக்கு மௌனம்தான். இதில் ஒரு எண்ணை நம் போனில் பிளாக் செய்வதால் என்ன பயன்? நாளைக்கு அடுத்த எண்ணிலிருந்து வருவார்கள்.

அடிக்க வேண்டிய இடம் 1909 என்ற புகார் எண். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளை 2025 பிப்ரவரியில் திருத்தி இறுக்கியது. டெலிமார்க்கெட்டிங்குக்குப் பதிவு செய்யாத ஒருவர் மீது பத்து நாளுக்குள் வெவ்வேறு ஐந்து பேர் புகார் செய்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும் (முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் தேவைப்பட்டது). முதல் முறை சிக்கினால் 15 நாள் அவர் யாரையும் அழைக்க முடியாது. மறுபடியும் செய்தால் பி.ஆர்.ஐ. உட்பட அவர் பெயரிலுள்ள எல்லா இணைப்புகளும், எந்த நிறுவனத்தில் வாங்கியிருந்தாலும், ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஐந்தே ஐந்து புகார்! நாமோ ஐம்பது பேர் தனித்தனியே பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கிறது.

செய்வது எளிது. அழைப்பின் விவரம் ஒரு வரி, காற்புள்ளி, அழைத்தவரின் எண், காற்புள்ளி, நாள்/மாதம்/ஆண்டு. இதை ஆங்கிலத்தில் அடித்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் அனுப்பினால் போதும். பத்து இலக்க ஆசாமிகள் மீது புகார் சொல்ல டி.என்.டி. பதிவுகூடத் தேவையில்லை. 140 எண்காரர் மீது சொல்வதற்குத்தான் பதிவு வேண்டும். தட்டச்சு செய்யச் சிரமப்படுபவர்களுக்கு டிராயின் டி.என்.டி. செயலி இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களின் சொந்தச் செயலியிலும் புகார் வசதி கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி.

புகார் எங்கே பழுதாகிறது? பெரும்பாலும் இரண்டு சிம் போனில். அழைப்பு ஒரு சிம்முக்கு வந்திருக்கும், எஸ்.எம்.எஸ். இன்னொன்றிலிருந்து போகும். அழைப்பு வந்த அதே எண்ணிலிருந்துதான் புகார் போக வேண்டும், டி.என்.டி.யும் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். தேதியை நினைவிலிருந்து எழுதாமல் கால் லாகைப் பார்த்து எழுதுங்கள்.

டி.என்.டி. இன்னும் போடாதவர்கள் ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் 1909க்கு அனுப்பினால் எல்லா விளம்பரமும் தடைப்படும். ஓ.டி.பி. நின்றுவிடும் என்று பயந்து பலர் தயங்குகிறார்கள். நிற்காது; வங்கிக் கணக்குத் தகவலும் வந்துகொண்டுதான் இருக்கும். குறுஞ்செய்தி எந்த வகை என்பதை அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தே சொல்லும். பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) சேவை, டி (T) பரிவர்த்தனை, ஜி (G) அரசு.

ஒரு ஓட்டை மட்டும் நம் கையாலேயே போட்டுக்கொள்வது. கடன் செயலியிலோ இணையப் படிவத்திலோ படிக்காமல் போடும் ‘டிக்’, டி.என்.டி.யை மீறி அழைக்க நாமே தரும் அனுமதியாகிவிடலாம். அதைத் திரும்பப் பெற்றால், அதே நிறுவனம் 90 நாளுக்கு மறுபடி அனுமதி கேட்கவே கூடாது.

போலீஸ், கூரியர் என்று மிரட்டும் அழைப்புகள் வேறு ரகம். அவற்றை, வாட்ஸ்அப்பில் வந்தாலும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு பகுதியில் பதிய வேண்டும். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930.

இத்தனைக்கும் நம் எண் அவர்களுக்கு எப்படிப் போகிறது? ஜவுளிக்கடை, நகைக்கடை பில் கவுண்டரில் ‘போன் நம்பர் சொல்லுங்க’ என்றதும் வரிசையில் நிற்பவர் காதுபட ஒப்பிக்கிறோமே, அதுவும் ஒரு வழி. பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. ‘நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காதுங்க’ என்பார்கள். தர மாட்டேன் என்று நின்றால், அவர்களே பத்து முறை ஒன்பதைத் தட்டி பில்லை நீட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.