மளிகைக் கடை வைஃபை நம் வீட்டுக்கு வராது, கண்ணு

ஏற்காடு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். காப்பிப் பழம் பறிப்பு மும்முரம். ஆள் கிடைக்காமல் அம்மாவே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. கீழே மளிகைக் கடையில் பி.எம்.வாணி என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் பொது வைஃபை போட்டிருக்கிறார்களே, பவரைக் கூட்டச் சொன்னால் நம் வீடு வரைக்கும் வராதா என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை லைசன்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் 2005-லேயே விட்டுவிட்டார்கள். ஆனால் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட்டைத் தாண்டக்கூடாது. கடையில் இருக்கிற மாதிரி சாதாரண வைஃபைப் பெட்டி அனுப்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதுவும் நாலாபக்கமும் சிதறுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் கிடைப்பது கால் பங்கு. பத்து மடங்கானால் நூறில் ஒன்று. செல்போன் டவர் கதை வேறு. ஏலத்தில் எடுத்த அலைவரிசை, உயரமான கம்பம், பல வாட் பவர்.

சரி, கடைக்காரர் 4 வாட்டுக்கே ஏற்றிவிடுகிறார் என்று வை. அப்போதும் ஆகாது. சேர்வராயன் கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பேசினால் நமக்குக் கேட்கும். நாம் இங்கிருந்து குரல் கொடுத்தால் அங்கே யாருக்குக் கேட்கும்? வைஃபையில் போனும் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தகவல் துண்டும் வந்து சேர்ந்ததும் 'வந்தது' என்று சொல்லாவிட்டால் பெட்டி அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிற சாமான், அதன் குரல் சன்னம். திரையில் கோடு நிறைய இருந்தும் ஒன்றும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, பல சமயம் இதுதான் காரணம்.

பனிமூட்டம் இறங்கினால் வைஃபை போய்விடுகிறது என்று ஊரே சொல்கிறது. பாவம், பனிமேல் பழி. அந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத பனித்துளி அதை ஒன்றும் செய்யாது. சிக்னலைக் குடிப்பது மரம்தான். கடைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி எல்லாம் தண்ணீர் நிறைந்த இலை. மழையில் நனைந்தால் இன்னும் மோசம்.

பெட்டியைக் கடைக்காரர் எண்ணெய் டின்களுக்குப் பின்னால், இரும்பு ஷட்டருக்கு உள்ளே வைத்திருந்தார். தகரத்தில் பட்டு சிக்னல் உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது. வெளித் தாழ்வாரத்துத் தூணில், மழை படாத இடத்தில் மாட்டச் சொன்னேன். இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது.

என்னைக் கேட்டால் அவ்வளவு தூரம் போதும் என்பேன். 2.4 அலையைச் சேனல் சேனலாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே சேனலில் இருப்பவர்கள், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சீசனில் ஏரிப் பக்கம் லாட்ஜுக்கு லாட்ஜ் பெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொன்றும் மலை முழுக்கக் கேட்டால் ஒருத்தருக்கும் முறை வராது. தூரத்தில் இருக்கும் போன் மெதுவாகப் பேசி, பக்கத்தில் இருப்பவர்களின் நேரத்தையும் தின்னும்.

தூரம் போகவே போகாதா என்றால், போகும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்துக் கண் மையங்களோடு வைஃபை வழியாகவே இணைத்து டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். வெனிசுலாவில் 2007-ல் 382 கிலோமீட்டர் அனுப்பிக் காட்டினார்கள். ஆனால் இரண்டு முனையிலும் ஆன்டெனாவை நேருக்கு நேர் திருப்பி அசையாமல் நிறுத்த வேண்டும், நடுவே மறைப்பு கூடாது. மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் காட்சி முனையிலிருந்து கீழே சேலத்துக்கு அப்படிச் செய்யலாம். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு சந்தையில் நடக்கிறவனுக்குச் செய்ய முடியாது.

ஆகவே பூஸ்டர் வாங்கி அனுப்பாதே. வந்து சேர்ந்த சிக்னலைத்தான் அது திருப்பிச் சொல்லும். நம் வாசலுக்கு வருவதே இல்லையே. கேபிள்காரரிடம் ஃபைபர் இழுக்கச் சொல்லியிருக்கிறேன், பறிப்பு முடியட்டும் என்கிறார். பொங்கலுக்கு வரும்போது ஆபீஸ் வேலை இருந்தால் கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள், நாற்காலி போடுவார். பேங்க் வேலையை மட்டும் உன் சொந்த டேட்டாவில் செய். அம்மா உனக்கென்று மிளகு எடுத்து வைத்திருக்கிறாள், பையில் இடம் விட்டு வா.

அன்புடன்,
அப்பா