அண்ணாவுக்கு, கையெழுத்து போட்ட பிறகு

அண்ணா,

கையெழுத்து போட்டுவிட்டேன். கீழ்ப்பக்கம் மூன்றரை சென்ட் நிலத்தைத் தடுப்புச்சுவருக்கு விட. கொரியரில் வரும். போனில் சொன்னால் "சரி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் நாலு பேர் இதைப் படிப்பார்கள். பங்கு விஷயத்தில் அப்பா என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதை அதனால் தொடப்போவதில்லை.

நவம்பர் வந்தாலே எனக்கு அந்த மண் வெடிப்புதான். 2009. நம் நீலகிரியில், கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அச்சனக்கல்லில் மண் சரிந்து வீடுகள் போன சேதி நமக்கு இன்னும் வந்து சேரவில்லை. விடிந்தும் விடியாமல் என்னை மட்டும் எழுப்பிக் கேரட் பாத்திக்குக் கூட்டிப் போனாய். பாத்திக்குக் குறுக்கே நான்கு விரல் அகலத்தில் மண் பிளந்திருந்தது. குப்புறப் படுத்து உள்ளே கையை விட்டாய். முழங்கை வரை போயிற்று. "தண்ணி ஓடுற சத்தம் கேக்குது பாரு" என்றாய். நானும் காதை வைத்தேன். கேட்டது. களிமண்ணைத் திணித்து மிதித்தோம், நீலத் தார்ப்பாயை விரித்து ஓரமெல்லாம் கல் வைத்தோம். அம்மாகிட்ட சொல்லாதே என்றாய். அம்மா போகும்வரை சொல்லவில்லை அண்ணா.

அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். நம் பாத்தி எப்படியோ நின்றது.

அதைக் காதால் கேட்ட நான்தான், சுவருக்குப் பணம் ஒதுக்கி அளக்க ஆள் வந்தபோது கையெழுத்து போட மாட்டேன் என்றேன். மார்ச் 31 தாண்டியதும் பணம் திரும்பிப் போனது. தப்புதான். ஆனால் நீ கேட்ட விதம் இருக்கிறதே! வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப், கீழே "சைன் பண்ணி அனுப்பு". அப்பா காரியம் முடிந்து உன்னிடமிருந்து வந்த முதல் மெசேஜ் அது. எனக்குச் சுவர் மேல் என்ன கோபம்?

போன வருடம் கோத்தகிரி ரோட்டில் பார்த்தேன். மண் சரியாமலிருக்கச் சரிவுக்குள் இரும்புக் கம்பிகளை இறக்கி, வலை போர்த்தி, புல் விதை தெளித்திருக்கிறார்கள். டூரிஸ்ட் போகிற ரோடு. நம் ஊருக்கு மினி பஸ்ஸே மனசு வைத்தால்தான். மாநிலப் பேரிடர் நிதியில் 100க்கு 80 ரூபாய் பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகு செலவழிக்க, 20தான் முன்கூட்டித் தடுக்க. 2021-26க்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு வகுத்த கணக்கு அது. நீலகிரியில் அபாயமான இடம் என்று குறித்து வைத்ததே 283. அந்த வரிசையில் நமக்கு ஒரு தடவை வந்ததைத்தான் நான் திருப்பி அனுப்பினேன். திரும்ப எஸ்டிமேட் போட நீ எத்தனை நடை நடந்தாய் என்று அண்ணி சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லை. சொல்லவே மாட்டாய், அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது.

காண்டிராக்டர் சுவர் கட்டும்போது பக்கத்திலேயே நில். தண்ணீர் வடிய ஓட்டை விடுகிறாரா, சுவருக்குப் பின்னால் ஜல்லி கொட்டுகிறாரா என்று பார். ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே தேங்குகிற தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். வேலை முடிய எப்படியும் இந்த மழை போய்விடும். அந்தத் தார்ப்பாய் கொட்டகையில் கிடந்தால் தூக்கிப் போடாதே. கிழிந்திருந்தால் சொல், புதுசு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன்.