காடு மீட்க மூன்று மாநிலங்களும் ஒரே மேசைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு காடுகளை மீட்பதுதான் என்று தலைவர்கள் கூடிப் பேசாத ஆண்டே இப்போது கிடையாது. 2011-இல் ஜெர்மனியின் பான் நகரில், 2020-க்குள் 15 கோடி ஹெக்டேர் என்றார்கள். 2014-இல் நியூயார்க்கில், 2030-க்குள் 35 கோடி ஹெக்டேர் என்றார்கள். 2021-இல் கிளாஸ்கோவில் 140-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு பிரகடனத்தில் சேர்ந்தன. இந்தியா அதில் சேரவில்லை என்றாலும், 2.6 கோடி ஹெக்டேர் சீரழிந்த நிலத்தை 2030-க்குள் மீட்பதாக 2019-இலேயே அறிவித்துவிட்டது. தமிழக அரசு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. எண்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் காட்டில், எந்த மாதத்தில், யார் போய் எந்த அயல் தாவரத்தைப் பிடுங்குவது என்ற கேள்வி வரும்போதுதான் மேசையில் ஆள் இருப்பதில்லை.

முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு ஆகிய நான்கும் தமிழகம், கர்நாடகம், கேரளம் என்ற மூன்று மாநிலங்களில் இருந்தாலும் ஒரே காடு. 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின், 5,520 சதுர கிலோமீட்டரின், நடுப்பகுதி இது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லையில் உள்ள கக்கநல்லா சோதனைச் சாவடி தெரியாது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றைக்கும் தெரியாது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்கும் நிழலுக்கும் வந்த இந்த மரத்தை வயநாட்டில் 1980-களில் சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறையே நட்டது. இன்று அது காட்டை அடைத்துப் பரவிவிட்டதால், மூன்று மாநிலங்களும் அதை ஒழிக்கத் தனித்தனியே செலவு செய்கின்றன. ஒருவர் சுத்தம் செய்த பகுதிக்கு மேட்டில், அடுத்தவர் எல்லைக்குள், தாய்மரம் காய்த்துக்கொண்டு நிற்கிறது. விதை ஓடை நீரோடும் வண்டிச் சக்கரத்து மண்ணோடும் இறங்கி வந்துவிடுகிறது. அடுத்த மழையில் பழையபடி கன்றுக்காடு.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், தலைவர்கள் ஏன் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதும் விளங்கும். மஞ்சள் கொன்றையை வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாறாகக் கிளைத்து வரும். வேரில் சேர்த்து வைத்த சத்து அப்படியே இருப்பதுதான் காரணம். எனவே சிறு கன்றுகளை மழைக்காலத்தில், மண் இளகியிருக்கும்போது, நேர் மேலாக இழுத்துப் பிடுங்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஆணிவேர் பாதியில் அறுந்து, மிச்சம் துளிர்க்கும். கைக்கு அடங்காத பருமனுக்கு நெம்புகருவி வேண்டும். பெரிய மரங்களுக்குப் பட்டை உரிப்புதான் வழி. அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அங்கிருந்து நெஞ்சுயரம் வரை, அதாவது சுமார் 1.3 மீட்டருக்கு, சுற்றிலும் பட்டையை உரித்தெடுக்க வேண்டும். உரித்த பிறகு மரத்தின்மேல் வழவழவென்று ஒரு ஈரப் படலம் ஒட்டியிருக்கும். அதையும் அரிவாளின் முதுகால் சுரண்ட வேண்டும். ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும் அந்தப் பாலம் வழியே இலையில் உண்டான சத்து வேருக்கு இறங்கி, மரம் காயத்தை மூடிக்கொண்டு பிழைத்துவிடும். ஒழுங்காக உரித்தால் இலை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், வேருக்குச் சாப்பாடு கிடைக்காது. நின்றபடியே மரம் காயும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை உரித்த இடத்துக்குக் கீழே வரும் துளிர்களை மாதம் ஒருமுறையாவது போய்க் கிள்ளி எறிய வேண்டும். இந்தக் கிள்ளும் வேலையைப் பற்றி எந்த டெண்டரிலும் ஒழுங்காக ஒரு வாசகம்கூடக் கிடையாது. வெட்டு, ஏற்று, கணக்குக் காட்டு என்பதோடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

காகித ஆலைகளுக்கு மரத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. தமிழகத்தில் அரசின் காகித ஆலையான டி.என்.பி.எல். எடுக்கிறது; கேரளத்திலும் அரசு ஆலைக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். மரத்துக்குக் கிடைக்கும் தொகை காட்டுக்கே திரும்பினால் நல்லதுதான். ஆனால் ஆலைக்கு வேண்டியது கூழுக்கு ஆகிற பருமனுள்ள மரம். விரல் பருமன் கன்றும் அடிக்கட்டையும் அதற்குத் தேவையில்லை. காட்டுக்கோ அவைதான் பிரச்சினை. பொக்லைன் புகுந்து கிளறிய மண்ணில் வெளிச்சம் பட்டவுடன் உறங்கிக் கிடந்த விதைகள் ஒரே நேரத்தில் முளைக்கும். லாரி போன தடத்தில் மண் இறுகி, புல் முளைக்காது. மஞ்சள் கொன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் டன் கணக்கோடு, ‘இத்தனை ஹெக்டேரில் மூன்றாம் ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகும் கன்று இல்லை’ என்ற நிபந்தனையும் இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகுதான். மூன்று மாநிலங்களும் ஒரே வாசகத்தைப் போட்டால்தான் ஒப்பந்ததாரர் எளிதான இடத்தைத் தேடி ஓட மாட்டார்.

உண்ணிச்செடி (லன்டானா) என்ற அயல் புதர் வேறு கதை. இந்தியப் புலிக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் அது பரவியிருப்பதாக ஆய்வு சொல்கிறது. அதைக் கத்தியால் சீவுவது வெட்டிவேலை, இரட்டிப்பாகத் தழைக்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். கிளை மண்ணில் பட்டால் அங்கேயும் வேர் விடும். காய் பழுக்கும் முன் செய்யாவிட்டால் பறவைகள் விதையை அடுத்த சரகத்துக்குக் கொண்டுபோய்விடும். மஞ்சள் கொன்றையை எடுத்த வெற்றிடத்தில் முதலில் குடியேறுவதும் பெரும்பாலும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும்தான். ஒன்றை மட்டும் எடுக்கும் திட்டம் மற்றொன்றை வளர்க்கும் திட்டமாகிவிடும். தீக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிப்ரவரியில் காய்ந்து நிற்கும் உண்ணிப் புதர், தரையில் ஊரும் நெருப்பை மரத்தின் கிளைக்கு ஏற்றிவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்த ஒரு வாரப் புகையை யாருடைய கார்பன் கணக்கில் எழுதுவது?

எடுத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் தலைவர்களுக்கு ஆசை அதிகம். மரக்கன்று நடும் படம் நன்றாக வரும். இலையுதிர் காட்டில் முதலில் வர வேண்டியது புல். உள்ளூர்ப் புல் தூர்களை அரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 40,000 தூர் வேண்டும். எல்லா இடத்திலும் இது ஆகாது. மான் மேய்ச்சல் அதிகமான, வெறுந்தரையான திட்டுகளில் மட்டும் செய்தால் போதும். புல் பிடித்த பிறகுதான் கன்று. அதிலும் முதல் மழைக்குப் பின் தானே முளைத்திருப்பவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கருமருது, வெண்தேக்கு, வேங்கை, நெல்லி, தான்றி எல்லாம் தாய்மரம் அருகில் இருந்தால் தாமே வரும். அவற்றைச் சுற்றிக் களை எடுத்து, தீயிலிருந்து காத்தாலே காடு எழும். இல்லாத இடத்தில் மட்டும் 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 400 கன்று. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பசுமை வரவு (கிரீன் கிரெடிட்) திட்ட விதிமுறையோ ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. புல்வெளியும் மூங்கிலும் மரமும் கலந்திருக்க வேண்டிய காட்டில் 1,100 மரத்தைத் திணித்தால் அது தோப்பு. யானைக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது; ஊருக்குள்தான் வரும்.

இப்போது யாரும் சபையில் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறோம். இந்திய வன நிலை அறிக்கையில் ‘காட்டுப் பரப்பு’ என்றால், ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள, மர விதானம் 10 விழுக்காட்டுக்குக் குறையாத எந்த நிலமும். என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே இல்லை. மஞ்சள் கொன்றை அடர்ந்த காடு செயற்கைக்கோளுக்கு நல்ல பச்சை. அதை அகற்றி அடுத்த கணக்கெடுப்புக்குள் புல் மட்டும் வந்திருந்தால், அந்த மாவட்டம் காட்டை இழந்ததாகப் பதிவாகும். மேல் நீலகிரியில் சீகை (வாட்டில்) என்ற அயல்மரத்தை எடுத்துப் புல்வெளியை மீட்டாலும் இதே கதிதான். நல்ல சோலைப் புல்வெளியில் மரமே இருக்கக் கூடாது, அதன் கார்பன் பெரும்பகுதியும் மண்ணிலும் வேரிலும் இருக்கிறது. 33 விழுக்காட்டைத் தலைமேல் தூக்கி வைத்திருக்கும் அரசில் எந்த மாவட்ட வன அலுவலர் துணிந்து இதைச் செய்வார்? முதல் சில ஆண்டுகளுக்குக் கார்பன் கணக்கும் பாதகமாகவே இருக்கலாம்: நின்ற மரம் போகிறது, புதியது மெல்ல வளர்கிறது. லாபம் வருவது தீ குறைவதிலும், மண்ணிலும், நூறாண்டு நிற்கும் மரத்திலும். இதை வெளிப்படையாகச் சொல்லி, அயல்மரம் அகற்றிய பரப்பைத் தனிப் பத்தியாகக் காட்டும்படி மூன்று முதல்வர்களும் சேர்ந்து மத்திய அரசிடம் கேட்க வேண்டும். ஒரு மாநிலம் மட்டும் கேட்டால் சாக்குச் சொல்வதாகத் தோன்றும்.

கூடும் மேசையில் அமைச்சர்கள் மட்டும் இருந்தால் போதாது. 2006 வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், இருளர் ஊர்களிலிருந்து வருபவர்களே பட்டை உரிப்பதும் துளிர் கிள்ளுவதும் தீத்தடுப்புக் கோடு எடுப்பதும். அவர்களில் பலர் ஆண்டுக்குச் சில மாதக் கூலிகள். மாதாமாதம் போக வேண்டிய வேலைக்குப் பருவக்கூலி ஆள் பொருந்தாது. உண்ணிச்செடித் தண்டில் யானைச் சிற்பமும் நாற்காலியும் செய்து வருமானம் பார்க்கும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. கிராம சபைத் தலைவர்கள் பார்வையாளராக அல்ல, நிதி ஒதுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் வர வேண்டும். சாலை ஓர மண்ணை அள்ளி வேறிடத்தில் கொட்டுவதால் விதை எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று அவர்கள் யோசித்ததே இல்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016 ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டப்படி திரளும் தொகையில் 90 விழுக்காடு மாநிலங்களுக்கு வருகிறது. அதை நடவுக்கு மட்டும் என்று பார்க்காமல், அகற்றிய பிறகான ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்குப் பூட்டி வைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே மூன்றும் புலிகள் காப்பகங்கள், அவற்றுக்குச் சட்டப்படி பாதுகாப்புத் திட்டம் உண்டு. வயநாடு வன உயிரினச் சரணாலயம்தான். அதற்கு அந்தத் திட்டம் கிடையாது, நிதி வரும் வழியும் வேறு. நான்குக்கும் ஒரே வேலை அட்டவணை தானாக உருவாகாது, யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் மனித–விலங்கு மோதல் குறித்துக் கேரள, கர்நாடக வனத்துறை அமைச்சர்கள் பந்திப்பூரில் உடன்பாடு செய்தார்கள். தமிழகத்தில் 2022-லேயே அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கை வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் தொடர்ந்து கேள்வி கேட்டுவருகிறது. அந்த உடன்பாட்டையும் இந்தக் கொள்கையையும் இணைத்து, முதுமலையின் தெப்பக்காட்டில் ஒரு கூட்டம் போட்டால் போதும். பொது வரைபடத்தில் மாயாறு, கபினி நீர்ப்பிடிப்புகளைப் பிரித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற வரிசையில் எந்தச் சரகம் எந்த ஆண்டு என்று குறிக்க வேண்டும். எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரு கிலோமீட்டர் பட்டையில் ஒரே பருவத்தில் வேலை நடக்க வேண்டும். கூட்டம் நவம்பருக்குள் நடந்தால் நல்லது. ஜனவரிக்குப் பிறகு வனத்துறை ஆட்கள் முழுவதும் தீத்தடுப்பில் இருப்பார்கள், பேச யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
காடு மீட்புப் பணியில் உள்ள களப்பணியாளர்கள் சிலர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.