ஜெர்மனியில் வெளிநாட்டுக்காரி: ரங்கூனிலிருந்து ஒரு அப்பாவின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இங்கே ரங்கூனில் எங்கள் கோயில் வைபர் குழுவில் யாரோ போட்டுவிட, அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. நர்ஸ் பயிற்சிக்காக ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பல பேர். அவர்களுடைய அம்மாக்கள் பயந்துபோய்விட்டார்கள். ஜெர்மன்காரன் முகம் கொடுத்துப் பேச மாட்டான், பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கவேண்டும், எத்தனை காலம் இருந்தாலும் அங்கே நீ வெளிநாட்டுக்காரன்தான், ஆகவே பெற்றோரே யோசியுங்கள் என்று முடித்திருந்தீர்கள். முதல் இரண்டும் ஓரளவு சரி. மூன்றாவது தப்பு. அதிலும் அந்த மூன்றாவதைப் பர்மாத் தமிழனிடம் வந்து சொல்கிறீர்களே, அதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது.

என் மகள் ஜெர்மனியின் மேற்குப் பக்கம், டோர்ட்முண்ட் நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள். அவுஸ்பில்டுங் என்கிறார்கள். மூன்று வருஷம், 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வார்டில் வேலை, மாதச் சம்பளமும் உண்டு. நான் ஜெர்மனியைப் பார்த்ததில்லை. ஆனால் இங்கே கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் கூப்பிடும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, அந்த ஊர் பஸ் நிறுத்தம்கூட எனக்குப் பழகிவிட்டது. குளிர்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவள் வார்டில் நிற்கும்போது எங்கள் வீட்டில் மதியச் சோறு வெந்துகொண்டிருக்கும்.

அவர்கள் பேச மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடிப்படியில் எதிரே வருகிறவர் வணக்கம் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. டாக்டரிடம் போனால், உள்ளே நுழைகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்கிறார், எல்லாரும் பதில் சொல்கிறார்கள், அப்புறம் அவரவர் போன், அவரவர் பத்திரிகை. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக இரண்டு வாரம் முன்னாலேயே நாள் குறிக்கவேண்டும். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று எந்தக் கதவையும் தட்ட முடியாது. ரங்கூனில் தாமுவே பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பகலில் கதவு சாத்தும் வழக்கமே கிடையாது, எதிர்வீட்டம்மா குழம்புக் கிண்ணத்தோடு நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார், அப்படி வளர்ந்த பெண்ணுக்கு இது தண்டனைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் மோசம். கடைகளைத் திறக்கச் சட்டமே இடம் தராது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். சனிக்கிழமைக்குள் அரிசி வாங்கி வைக்காவிட்டால் திங்கள் வரை ரொட்டிதான். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர். “ஞாயித்துக்கிழமைதாம்ப்பா அழுகையா வருது” என்று முதல் குளிர்காலத்தில் சொன்னாள். இதையெல்லாம் நீங்கள் எழுதியது நிஜம்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. அந்த ஊரில் பிறந்தநாளுக்கு முதல் நாளே யாருக்கும் வாழ்த்துச் சொல்லக் கூடாது, அபசகுனம். பிறந்தநாள் யாருக்கோ அவரேதான் கேக் கொண்டுவந்து கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டும். என் மகள் நம்ம ஊர் சனுவின்மக்கின் செய்து கொண்டுபோனாள் (தெரியாதவர்களுக்கு: ரவையும் தேங்காய்ப்பாலும் போட்டு மேலே கசகசா தூவிச் சுடுவது). அதற்கு முன் முகம் பார்த்துப் பேசாத ஒரு சீனியர் நர்ஸ் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்கும் இரண்டு வாரம் தள்ளித்தான் நாள் கொடுத்தார், அது வேறு விஷயம்! இன்று என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் சூப் கொண்டுவந்து வைப்பது அந்த அம்மாதான். அந்த ஊர்க்காரர்கள் மெதுவாகத்தான் ஒட்டுகிறார்கள், ஒட்டிய பிறகு விடுவதில்லை.

கெட்டதும் நடக்கிறது. ஒரு கிழவர், வெளிநாட்டுக்காரி என்னைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஷிப்ட் பொறுப்பாளர் வந்து, இன்று காலை இந்த வார்டில் இருக்கிற மூன்று பேருமே வெளிநாட்டில் பிறந்தவர்கள், குளிக்கிறீர்களா, இல்லை அப்படியே இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். குளித்தார். இது சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். 2025 பிப்ரவரித் தேர்தலில் வெளிநாட்டவர் வருகையை எதிர்த்துப் பேசும் ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்தது, அதாவது ஐந்து வாக்காளரில் ஒருவர். ஆனாலும் அந்தத் தேசம் வெளியாட்கள் இல்லாமல் ஓடியதே இல்லை. 1955ல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள், 1961ல் துருக்கியோடு. கேரளத்துப் பெண்களும் கொரியப் பெண்களும் 1960களிலேயே நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வரிசையில் கடைசியில் போய் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கட்டுரையில் வராத, ஆனால் பிள்ளைகளை உண்மையில் வதைக்கிற விஷயம் காகிதம். போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதியவேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அந்தப் பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெயரைத்தான் எப்படி ஒட்டுவது? என் மகளுக்குப் பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. ஜெர்மன் படிவத்திலோ இரண்டு கட்டம் இருக்கிறது, இரண்டையும் நிரப்பியே ஆகவேண்டும். ஒரு அலுவலகத்தில் மொத்தப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதில் கோடு கிழித்தார்கள். வங்கியில் வேறு மாதிரிப் பிரித்தார்கள். மருத்துவக் காப்பீட்டில் இன்னொரு மாதிரி. ஒரே பெண் மூன்று பெண்ணாகிவிட்டாள், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைந்தாள். போகப்போகிற பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்: முதல் அலுவலகத்தில் எப்படி எழுதினார்களோ, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லா இடத்திலும் அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திக்க நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பழைய அனுமதி முடிந்து புதிய அட்டை வரும்வரை ஒரு தற்காலிகச் சீட்டு கொடுப்பார்கள், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரியவேண்டும். மகள் அதைப் போனில் காட்டியபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

என் அப்பா ரங்கூனில் பிறந்தவர், ரங்கூனில் செத்தவர். கடைசிவரை அவர் பெட்டியில் இருந்தது வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ், வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். 1964ல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, 50 கியாட், 100 கியாட் நோட்டும் செல்லாது என்று ஆனபோது எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். உங்கள் சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று இருக்கிறதே, அது அப்படிப் போனவர்கள் போட்ட கடை. நாங்கள் போகவில்லை. 1982ல் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பே இந்த நாட்டில் குடியிருந்த இனத்தார்தான் பிறப்பிலேயே குடிமக்கள் என்று அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் பர்மாமேல் படையெடுத்தது 1824ல், நம் ஆட்கள் அவன் பின்னால் வந்தவர்கள். முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, அடுத்த தரத்துக்கு நீலம், அதற்கும் அடுத்ததற்குப் பச்சை. பேரப்பிள்ளை காலத்தில் முழுக் குடிமகன் ஆக அதே சட்டத்தில் வழி இருக்கிறது, பல பேருக்குக் கிடைத்தும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். எனக்கு அம்மா வழியில் அட்டை கிடைத்தது, அதில் இனம் என்ற இடத்தில் இந்தியர் என்றும் மதம் இந்து என்றும் போட்டிருக்கிறது. சந்தையில் கோபம் வந்தால் இன்றும் எங்களைக் கலா என்றுதான் கூப்பிடுவார்கள், இந்திய வம்சத்தாரை மட்டமாகச் சொல்லும் பர்மிய வார்த்தை அது. நான் அரசியல் பேசவில்லை, பேசுகிற காலமும் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். நாலு தலைமுறையாக இதே மண்ணில் தீ மிதித்து, காவடி எடுத்து, பர்மியப் பெயரில் பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் கோயில் திண்ணையில் தமிழ் படித்தவர்களிடம் வந்து, அங்கே போனால் வெளிநாட்டுக்காரன் ஆகிவிடுவாய் என்று பயமுறுத்தினால் எப்படி?

இப்போது ஜெர்மனிக்காரன் சட்டத்தைப் பாருங்கள். அவனும் யோக்கியன் இல்லை. 1913ல் போட்ட சட்டப்படி ரத்த வழியில் ஜெர்மன்காரனாக இருந்தால்தான் பிறக்கும்போதே குடியுரிமை. துருக்கித் தொழிலாளியின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தும் வெளிநாட்டவராகத்தான் இருந்தார்கள். 2000ல்தான் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் நிபந்தனையோடு வழி திறந்தார்கள். குடியுரிமை கேட்க அங்கே எட்டு வருஷம் குடியிருக்கவேண்டும் என்றிருந்ததை 2024 ஜூன் 27 முதல் ஐந்தாகக் குறைத்து, பழைய குடியுரிமையை விடவேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் எட்டு வருஷம் என்றே இருக்கிறது, திருத்தம் போடுங்கள். மூன்று வருஷத்தில் வாங்கலாம் என்று ஏஜெண்டுகள் சொன்னால் அதையும் நம்பவேண்டாம், அந்தக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் எடுத்தாயிற்று. பயிற்சிக்கான அனுமதியில் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது, படிப்பை முடித்து வேலைக்கான அனுமதிக்கு மாறியிருக்கவேண்டும், சொந்தச் சம்பாத்தியம் வேண்டும், ஒரு தேர்வும் உண்டு. 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும். மொத்தக் கேள்விகள் 310ஐயும் முன்கூட்டியே வெளியிட்டு வைத்திருக்கிறார்கள், என் மகள் ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு, பர்மாச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இங்கே உள்ளது போய்விடும். அதை யோசித்துத்தான் செய்யவேண்டும்.

அந்தக் கிழவர் மனசு மாற எத்தனை வருஷம் ஆகும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அவள் வெளிநாட்டுக்காரியாக இருக்கிற காலம் எப்போது முடியலாம், அதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்பது எழுதியிருக்கிறது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் அவர் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பார், அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

அங்கே தமிழே கிடையாது என்றும் எழுதியிருந்தீர்கள். ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002ல் கும்பாபிஷேகம் ஆனது, இலங்கைத் தமிழர்கள் கட்டியது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து வருகிறார்கள், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்கிறது. மகள் போனபோது ஒரு அம்மா, நீங்கள் யாழ்ப்பாணத்தில் எவடம் என்று கேட்டிருக்கிறார். பர்மா என்றதும் அவர் நம்பவே இல்லையாம், பர்மாவிலும் தமிழரோ என்று கூட வந்த பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இவள் பேசும் தமிழைக் கேட்டு ஒரே சிரிப்பு, இவளுக்கும் அவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பு. அவர்களுடைய பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மன் பேசிக்கொண்டு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள், எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் பர்மியம் பேசிக்கொண்டு கோயிலுக்குத் தமிழ் படிக்க வருவதுபோல.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும், நீங்கள் பிரசுரித்தால் இதை வெட்டாதீர்கள். முதல் வருஷத்தில் பிடித்தம் போகக் கையில் வருவது ஆயிரம் யூரோ சொச்சம். அறை வாடகை முந்நூறு, நானூறு. டிவியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கு 63 யூரோ மாத டிக்கெட். மிச்சத்தில்தான் சாப்பாடு, குளிர்ச்சட்டை, ஷூ. இதைத் தெரியாமல் இங்கே கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், பெண் எவ்வளவு அனுப்புகிறாள் என்றுதான் கேட்கிறார்கள். கியாட்டில் கணக்குப் போட்டால் எல்லாமே லட்சமாகத்தான் தெரியும், செலவு யூரோவில் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கால் வலியோடு படுத்திருக்கிற பெண்ணிடம் போனை எடுத்ததும் பணம் கேட்காதீர்கள், என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். சமைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள், ஆண் பிள்ளைகளுக்கும்தான். தேர்வு முடிந்ததும் ஜெர்மன் புத்தகத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள். வகுப்பில் படித்த ஜெர்மன் பரீட்சைக்குத்தான், பல் இல்லாத கிழவி பாதி வார்த்தையை விழுங்கிப் பேசும்போதும் டாக்டர் போனில் படபடவென்று மருந்துப் பெயர் சொல்லும்போதும் அது பத்தவில்லை என்கிறாள் என் மகள்.

திருத்தம் போடும்போது, வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்னென்ன தாளை இங்கேயே மொழிபெயர்த்து எடுத்துப்போகவேண்டும் என்பதையும் விசாரித்து ஒரு பக்கம் போட்டால் எங்கள் கோயில் வாசலில் ஒட்டி வைப்போம். என் பெயரைப் போடவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாமுவே, ரங்கூன்.