ஏம்மா, இன்னும் யாருக்காகக் கை தட்டுறீங்க?

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான், நீயும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

"வருஷா வருஷம் பசங்க மாறிட்டே இருக்காங்க. இப்ப கோச்சையும் அனுப்பிட்டாங்க. ஏம்மா, இன்னும் யாருக்காகக் கை தட்டுறீங்க?" என்றாய். அக்கறையோடுதான் கேட்டாய் என்று தெரியும். போன வருடம் இதே மார்ச் மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்று பார்த்தவள் நீ. நம் என்.சி. ஸ்டேட் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இந்த 2025 சீசனில் 12 வெற்றி, 19 தோல்வி. நம் கல்லூரி ஆடுகிற லீக்கான ஏ.சி.சி.யின் கோப்பைப் போட்டிக்குப் பதினெட்டு அணிகளில் பதினைந்துக்கு இடம் இருந்தும், நடப்புச் சாம்பியனான நம் அணி அதற்குள் போகவே இல்லை. நான் வாடிப்போயிருப்பேன் என்று நினைத்திருப்பாய். வாடித்தான் போயிருக்கிறேன். ஆனாலும் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீமில் நான் ஆடினேன் என்று உனக்குத் தெரியும். பி.எஸ்.ஜி. கோப்பை நடக்கும்போது ரயில்வே டீம், போலீஸ் டீம் எல்லாம் வரும். விளக்கு வெளிச்சத்தில் மேட்ச் பார்த்துவிட்டு அண்ணன் சைக்கிளில் வீடு திரும்புவோம். 1982இல் உன் அப்பா என்.சி. ஸ்டேட்டில் டெக்ஸ்டைல் மேற்படிப்புக்குச் சேர்ந்து, நானும் கூடவே அமெரிக்காவுக்கு, இந்த ராலே ஊருக்கு வந்தபோது, எனக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே விஷயம் கூடைப்பந்துதான். பேசினால் யாருக்கும் என் ஆங்கிலம் புரியாது, அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. ஆனால் கடையில் பில் போடுகிற பெண்ணும், பஸ் டிரைவரும், குடியிருப்பில் துணி துவைக்கிற அறையில் பார்க்கிறவர்களும் எந்நேரமும் மேட்சைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். என்.சி. ஸ்டேட்டில் ஆடுகிற விட்டன்பர்க்குக் கால் எலும்பு முறிந்துவிட்டதாம் என்று ஜனவரியில் ஒரு அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். அந்தப் பேச்சு மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அந்த வருடத்து அணி பத்து ஆட்டம் தோற்ற அணி. ஏ.சி.சி. கோப்பையை வென்றால்தான் தேசியப் போட்டியில் இடம் உறுதி என்ற நிலை. அதில் மைக்கேல் ஜோர்டன் ஆடிய, பின்னால் நீ படித்த உங்கள் சேப்பல் ஹில் கல்லூரியைக் கூடுதல் நேரத்திலும், ரால்ஃப் சாம்ப்சனின் வர்ஜீனியாவை இறுதி ஆட்டத்திலும் வென்றார்கள். அப்புறம் தேசியப் போட்டியில் மூன்று சுற்றுகளை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் தாண்டினார்கள். ஏப்ரல் 4, 1983. அல்புகர்க்கியில் இறுதி ஆட்டம். எதிரில் ஹூஸ்டன், அதாவது ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும். தொடர்ந்து 26 ஆட்டம் வென்று வந்தவர்கள். எங்களிடம் டிவி கிடையாது. பக்கத்து வீட்டுக் கொரியாக்காரர் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். 52-52. விட்டன்பர்க் ரொம்ப தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்கு எட்டாமல் இறங்கியது. லொரென்ஸோ சார்ல்ஸ் அந்தரத்திலேயே அதைப் பிடித்து உள்ளே திணித்தான். 54-52. நேரம் முடிந்தது. நம் கோச் ஜிம் வல்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானம் முழுக்க ஓடுகிறார். அன்றைக்கு ராத்திரி ஹில்ஸ்பரோ தெருவில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டார்கள். இந்த ஊர் என் ஊர் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

அந்த லொரென்ஸோ சார்ல்ஸ் பிற்காலத்தில் இதே ராலேயில் பஸ் ஓட்டினார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2011இல் பஸ் விபத்தில் இறந்துபோனார். அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. வல்வானோவும் நெடுநாள் இருக்கவில்லை. விதிமீறல் புகார்களால் 1990இல் பதவியை விட்டுப் போனார். 1993 பிப்ரவரியில் புற்றுநோயோடு நம் கல்லூரியின் ரெனால்ட்ஸ் அரங்கத்துக்கு வந்து பேசினார். ஏப்ரலில் போய்விட்டார், வயது 47. அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்றைக்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகிறது.

ரெனால்ட்ஸில் எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்த பாட்டியை உனக்குத் தெரியும், உன் முடியைப் பின்னிவிடுவாரே, அவர்தான். பழைய கதையெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெயித்தால் ஏணி வைத்து வலையை அறுத்து எடுக்கிறார்களே, அந்த வழக்கத்தைக் கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர் நம்முடைய பழைய கோச் எவரெட் கேஸ். 1947இல் செய்தார். இண்டியானாவிலிருந்து வந்த மனிதர். இன்று நாடு முழுக்க எல்லா அணியும் அதைச் செய்கிறது. டர்ஹம் போகிற சாலைப் பக்கமாகத் தன்னைப் புதைக்கச் சொன்னாராம், டியூக்கோடு ஆடப் போகும் நம் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைக்க. அப்புறம் நம் அணியில் ஆடிய டேவிட் தாம்ப்சன். அந்தக் காலத்தில் டங்க் செய்ய, அதாவது குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிக்க, தடை இருந்தது. அதனால் அந்தரத்தில் பந்தைப் பிடித்து அப்படியே வளையத்துக்குள் விடுவாராம். 1974 அரையிறுதியில், தொடர்ந்து ஏழு வருடம் சாம்பியனாக இருந்த யு.சி.எல்.ஏ.வை இரண்டு கூடுதல் நேரம் ஆடி வீழ்த்தினார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது ஏதோ நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும்.

ஆனால் நான் ரெனால்ட்ஸுக்குப் போனது முக்கியமாகப் பெண்கள் அணியின் கோச் கே யோவுக்காக. பெண்கள் டிக்கெட் வாங்கி, பெண்கள் ஆடுவதைப் பார்க்க வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கே யோ கத்த மாட்டார். உதட்டைக் கடிக்க மாட்டார். தவறு செய்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்காலில் கை வைத்து ஏதோ சொல்வார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போவாள். நீ பிறந்த 1987இல்தான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த வருடமே சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2007 பிப்ரவரியில் ரெனால்ட்ஸ் ஆடுகளத்துக்கு அவர் பெயரை வைத்த அன்றைக்கு நீயும் என்னோடு வந்தாய். சேப்பல் ஹில்லில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய், வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தாய். உங்கள் அணி நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தது. நாங்கள் ஜெயித்தோம். கே யோ சிகிச்சைக்காகப் பல ஆட்டங்களுக்கு வராமல் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், ரொம்ப மெலிந்திருந்தார். நீ எழுந்து நின்று கை தட்டினாய். அதை நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

2009 ஜனவரியில் அவர் போனார். அந்த ஏப்ரலில் உங்கள் அணி சாம்பியன் ஆனது. உன் குரல் போனில் கம்மிப்போயிருந்தது, கத்திக் கத்தி. எனக்கும் சந்தோஷம்தான், உன் சந்தோஷம் என்பதால்.

நடுவில் வந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தோற்றோம், அவ்வளவுதான்.

இனி போன வருடம், 2024. சீசனின் கடைசி நான்கு ஆட்டமும் தோற்று, பத்தாம் இடத்தில் ஏ.சி.சி. போட்டிக்கு வாஷிங்டன் போனார்கள். ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றால்தான் கோப்பை. வர்ஜீனியாவோடு மூன்று புள்ளி பின்தங்கி, ஐந்து நொடிதான் மிச்சம். அவர்கள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, நம் ஓகானல் பந்தோடு ஓடிவந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. கூடுதல் நேரத்தில் ஜெயித்தோம். மறுநாள் உங்களையும், 84-76. ஏ.சி.சி. கோப்பையை நாம் அதற்கு முன் வென்றது 1987 மார்ச்சில், அதுவும் உங்களை ஒரே புள்ளியில். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய்.

அந்த அணியில் டி.ஜே. பர்ன்ஸைப் பார்த்தாய்தானே. அந்தப் பிள்ளையின் உடம்பைப் பார்த்து எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்தது அவன் கால்களை. கூடைக்கு முதுகு காட்டி நிற்பான். தோளால் ஒரு தள்ளு, பந்தை ஒரு தட்டு, இன்னொரு தள்ளு. தடுக்கிறவன் முட்டுக்கொடுத்ததும், அந்தப் பக்கமே போகாமல் குதிகாலில் திரும்பி, இடது கையால் பூவைப் போடுவதுபோல் பந்தைப் போடுவான். இரண்டு பேர் வந்து மறித்தால் மூலையில் நிற்கிறவனுக்குப் பாஸ். எங்கள் பள்ளி பி.டி. டீச்சர் இந்தக் கால்வேலைக்காக எங்களை எத்தனை மாலை வெயிலில் நிறுத்தியிருக்கிறார்! தேசியப் போட்டியில் டியூக்கோடு 29 புள்ளி எடுத்தான். நாங்கள் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானோம், 1983க்குப் பிறகு முதல் தடவை. பெண்கள் அணியும் அதே வருடம் கடைசி நான்கில். அரையிறுதியில் ஆண்கள் அணி பர்டூவோடு 63-50 தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை.

நீ சொல்கிற "மாறிக்கொண்டே இருக்கிற பசங்க" யார் தெரியுமா கண்ணு, இவர்களேதான். பர்ன்ஸ் வின்த்ராப் கல்லூரியிலிருந்து வந்தவன். ஓகானல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து. டி.ஜே. ஹோர்ன் ராலே பையன், இரண்டு கல்லூரியில் ஆடிவிட்டுக் கடைசி வருடத்துக்கு ஊர் திரும்பினான். 2021 முதல் வந்த விதிகளால் கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டது, பசங்கள் விளம்பரத்தில் பணமும் வாங்கலாம். அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். அரங்கம் நிறைவது அவர்களால், சம்பாதித்தது இத்தனை காலமும் மற்றவர்கள். ஒரு பையனை நான்கு வருடம் வளரப் பார்க்கிற சுகம் போய்விட்டது, அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் கல்லூரி அணி என்றால் எப்போதுமே பிள்ளைகள் வந்து போகிற இடம்தானே? சார்ல்ஸும் போனான், தாம்ப்சனும் போனார். போகாமல் இருந்தது பாட்டி, நான், அந்த டிரம் அடிக்கிற பையன்கள் நிற்கிற மூலை, ஜெயித்த ராத்திரி சிவப்பு விளக்கு எரிகிற மணிக்கூண்டு. யார் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டு வந்தாலும், அவன் இங்கே இருக்கிற வரைக்கும் என் வீட்டுப் பிள்ளை. நாங்களும் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான், எங்களுக்கும் இந்த ஊர் கை தட்டியது. அதனால் யாருக்காக என்று கேட்டால், அடுத்து வரப்போகிற பிள்ளைக்காக. பேர்கூட இன்னும் தெரியாது.

புது கோச் யார், எந்தப் பசங்களைக் கூட்டிவரப் போகிறார் என்று அப்பா தினமும் காலையில் படித்துச் சொல்கிறார். நன்றி நாள் லீவுக்கு வருவதாக இருந்தால் செப்டம்பருக்குள் சொல். ரெனால்ட்ஸில் அந்த வாரம் பெண்கள் மேட்ச் இருந்தால் நான்கு டிக்கெட் சேர்ந்தாற்போல் எடுத்துவைக்கிறேன். குழந்தைக்குக் காது மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொண்டு வா, பேண்ட் சத்தம் அவனுக்குத் தாங்காது. மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
அம்மா